வேலை வைக்கும் வண்டி

"அம்மா, என்ர சம்சாரத்துக்குப் புத்தி பிசகிப் போச்சுங்க" என்றார் நாச்சிமுத்து.

மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன செஞ்சாங்க அக்கா?"

"கார் வாங்கறோம்ங்க. நான் ஒரு ஜப்பான் வண்டி பாத்து வெச்சிருக்கேன். பழசுதான், ஆனா சிங்கிள் ஓனர். அது வேண்டாங்கறா. பழைய ஜெர்மன் வண்டி ஒண்ணு, குட்டியா, டிக்கியை வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். அதுதான் வேணும்ங்கறா."

"சரி."

"சரியில்லீங்கம்மா. அதுக்கு ஒரு சாமான் போச்சுன்னா ஊர் ஊரா அலையோணும். தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருந்தாலும், அதுக்குன்னு ஒருத்தனைத் தேடித்தான் போகோணும்."

வெளியே ஐப்பசித் தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

மடம் என்று பேர்தான். சத்தியமங்கலம் சாலையை விட்டு விலகிய ஒரு மேட்டின்மேல் ஓடு வேய்ந்த ஒரே ஒரு கூடம். மடத்தம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நாச்சிமுத்துவோ ஓய்வு பெற்றவர். மகள் வயதுக்காரியின் காலில் போய் விழுகிறாரே என்று ஊரில் சிரித்தார்கள். அவர் காதில் அது விழவில்லை. ஊரில் யாரோடாவது பேசினால்தானே காதில் விழுவதற்கு!

நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை செய்தவர். நூலில் எங்கே குறை என்று விரலாலேயே சொல்லிவிடுவார். மனிதர்களிடம் என்ன பேசுவது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. பால்காரரிலிருந்து பக்கத்து வீடு வரைக்கும் எல்லோரிடமும் பேசுவது அவர் மனைவி வசந்தமணிதான். அவர் வசந்தமணியிடம் பேசுவார். அது போதும் என்று காலத்தை ஓட்டிவிட்டார். பிள்ளைகள் இல்லை.

இப்போது வசந்தமணிக்குக் கணையத்தில் புற்றுநோய்.

கோயம்புத்தூர் டாக்டர் நாச்சிமுத்துவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த தீபாவளியை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. மடத்தம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போய் வரத்தானே வண்டி?" என்றார் மடத்தம்மா.

"அதுக்குத்தானுங்க. இத்தனை நாள் வாடகைக் கார்ல போனோம். டிரைவருக்கு முன்னாடி வாந்தி எடுக்க அவளுக்குக் கூச்சமா இருக்குது. சரி, சொந்தமா ஒண்ணு வாங்கி நானே ஓட்டறேன்னேன். அதுல போய் இப்படி அடம் புடிக்கறா. மருந்து ஏத்திட்டு வர்ற பொம்பளையைப் பாதி வழியில ரோட்டுல உக்கார வெக்கறதாங்க?"

"நீங்க பாத்த வண்டி நிக்காதா?"

"நிக்கவே நிக்காதுங்க! நேரா நேரத்துக்கு ஆயில் மாத்துனாப் போதும். பதினஞ்சு வருஷம் கண்ணை மூடிட்டு ஓட்டலாம்."

"யாரு ஓட்டறது?"

"நான்தானுங்க."

"பக்கத்துல?"



மடத்தம்மா கீரை முறத்தை நகர்த்தி வைத்தார். எழுந்து போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்து வந்தார். வாசலைப் பார்க்கப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இடது பக்கத்து நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டார்.

"வாங்ணா. ஓட்டுங்க."

"என்னங்கம்மா இது, வெளையாட்டா?"

"ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குப் போறோம். ஓட்டுங்க."

குரு சொல்லைத் தட்ட முடியுமா? உட்கார்ந்தார். இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கை தானாகவே கியரைத் தேடியது.

"அன்னூர் வந்திருச்சுங்களா?"

"வந்திருச்சுங்க."

மடத்தம்மா கண்ணெதிரே பெய்கிற தூறலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் திரும்பிப் பார்க்காமலே, வசந்தமணி கேட்கிற மாதிரியே கேட்டார்.

"ஏனுங், டாக்டர் உங்களைத் தனியாக் கூப்புட்டாரே. என்ன சொன்னாரு?"

நாச்சிமுத்துவின் கைகள் நின்றன.

"ஒண்ணுமில்ல. சத்து மாத்திரை எழுதறேன்னாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அதைச் சொல்லவா அத்தனை நேரம்?"

அவர் எழுந்துவிட்டார்.

"நான் வண்டியைப் பத்திக் கேக்க வந்தனுங்கம்மா. நீங்க கூத்துக் கட்டிக் காட்டறீங்க."

"நானும் வண்டியைப் பத்தித்தாங்ணா பேசிட்டிருக்கேன்."

அவர் குடையைக்கூட எடுக்காமல் மேட்டிலிருந்து இறங்கிப் போனார். மடத்தம்மா கூப்பிடவில்லை. மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

•

வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டின்போது மறுபடியும் அதே பேச்சு.

"அந்த ஓட்டை வண்டி மேல அப்படி என்ன ஆசை உனக்கு?"

"புடிச்சிருக்குது."

"காரணம் சொல்லு வசந்தா."

"புடிச்சதுக்கு என்னங்க காரணம்? உங்களைப் புடிச்சிருக்குன்னு சொன்னப்ப எங்க வீட்ல ஆராச்சும் காரணம் கேட்டாங்களா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. இரண்டு வாய்க்குமேல் இறங்குவதில்லை.

சோறு இறங்காதவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்கிறாள். அதை மறுக்கிற துணிச்சல் நாச்சிமுத்துவுக்கு இல்லை. ஜப்பான் வண்டிக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெர்மன் வண்டியை விற்றவர் திருப்பூர்க்காரர். நல்ல மனுஷன். வசந்தமணியின் தலையில் கட்டியிருந்த துணியையும் முகத்தையும் பார்த்துவிட்டு அவருக்கே மனசு கேட்கவில்லை.

"அக்கா, மறைக்காமச் சொல்லிர்றேன். இது அப்பப்ப வேலை வெக்கும்."

"வெக்கட்டும்" என்றார் வசந்தமணி.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

•

சொன்னபடியே வேலை வைத்தது.

முதல் தடவை புளியம்பட்டியில். அன்று சந்தை நாள். மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். மாடும் மனிதர்களும் நெருக்கியடிக்கிற சாலையின் நடுவில் வண்டி ஒரு முறை குலுங்கிவிட்டு அமைதியாகிவிட்டது. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். காது மடல்கள் சிவந்துவிட்டன.

"எறங்கிப் போய்க் கேளுங்க" என்றார் வசந்தமணி.

"ஆரைக் கேக்கறது?"

"ஆரையாச்சும்."

இறங்கினார். கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் போலீஸ் பிடித்த ஆள் மாதிரி நின்றார்.

எருமைக் கன்றை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர்தான் முதலில் நின்றார்.

"என்னாச்சுங்ணா?"

"நின்னு போச்சுங்க."

"உள்ள அக்காவுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். அந்த மனிதர் கன்றைக் கம்பத்தில் கட்டிவிட்டு ஒரு குரல் கொடுத்தார். எங்கிருந்தோ நான்கைந்து பேர் வந்தார்கள். தள்ளி ஓரமாக ஒதுக்கினார்கள். ஒருவர் மெக்கானிக்கைக் கூட்டி வரப் போனார். மெக்கானிக் வந்து ஏதோ ஒரு வயரைச் சுரண்டி மாட்டிவிட்டு, வீடு வரைக்கும் தாங்கும் என்றார்.

"எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுங்க" என்றார் வசந்தமணி, ஜன்னல் வழியாக.

"கெளம்பலாம் வசந்தா. உனக்கு முடியாது."

"எனக்கு முடியும். நீங்க போங்க."

முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார், எனக்கு முடியும் என்று.

நாச்சிமுத்து டீக்கடை முன்னால் அந்த ஆட்களோடு நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ஒருவர் கன்று என்ன விலைக்குப் போனது என்று சொன்னார். இன்னொருவர் தன் மாமியாருக்கும் இதே நோய்தான் என்று ஆரம்பித்து, அவர் செத்துப்போனதை நினைத்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிட்டார். நாச்சிமுத்து இரண்டு தடவை "ஆமாங்க" என்றார். ஒரு தடவை, யாரும் கேட்காமலே, மில்லில் வேலை பார்த்ததாகச் சொன்னார்.

வசந்தமணி கண்ணாடியில் தலையைச் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வண்டி கிளம்பியதும் கேட்டார், "அந்த எருமைக்காரர் என்னமோ சொல்லிச் சிரிச்சாரே, என்னங்க அது?"

"அது கெடக்குது வுடு. இந்த வண்டியை வாங்குனதுக்கு என்னைச் செருப்பால அடிக்கோணும்."

பிறகு அன்னூரில் நின்றது. ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது. வீட்டிலிருந்து கிளம்பவே மாட்டேன் என்று ஒரு நாள் அடம் பிடித்தது. அன்று எதிர் வீட்டுக்காரர் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். அவர் பேர் ஜோசப் என்பதே நாச்சிமுத்துவுக்கு அன்றுதான் தெரியும். எதிர் வீட்டில் அவர் எத்தனையோ காலமாக இருக்கிறார்.

ஒவ்வொரு தடவையும் நாச்சிமுத்து மனசுக்குள் அந்த ஜப்பான் வண்டியை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

வசந்தமணி இளைத்துக்கொண்டே வந்தார். கைகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. மருந்தை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொன்னார். ஏன் என்று வசந்தமணி கேட்கவில்லை. ஏன் என்று நாச்சிமுத்து சொல்லவில்லை. இரண்டு பேரும் அன்று ரேடியோவைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

•

மாசி மாதத்தில் ஒரு காலை வசந்தமணி, "என்னை ஒருக்கா மடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"உக்காரவே முடியாதே உனக்கு."

"சாஞ்சுக்கறேன்."

சீட்டைச் சாய்த்து, தலையணை வைத்து, பெல்ட்டைப் போட்டுக் கூட்டிப் போனார். பெல்ட்டுக்குள் உடம்பு இருப்பதே தெரியவில்லை.

மடத்துக்கு ஏறுகிற மேட்டின் பாதியில் வண்டி நின்றது.

நாச்சிமுத்து ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தார். அடித்துக்கொண்டே கத்தினார். நோய் வந்த நாளிலிருந்து மனைவியிடம் குரலை உயர்த்தாத மனிதர்.

"அப்பவே சொன்னேன்! கேட்டயா? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! உன்னைக் கீழ எறக்கி நான் எப்படித் தூக்கிட்டுப் போவேன்?"

வசந்தமணி முன்னால் தெரிகிற மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு மடத்தம்மா இறங்கி வந்தார். காலில் செருப்பில்லை. ஒரு வார்த்தை பேசாமல் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டியின் பின்னால் போய்க் கையை வைத்தார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போன டெம்போக்காரர் அதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவரும் அவரோடு வந்த ஆட்களும் இறங்கி ஓடி வந்தார்கள்.

"நியூட்ரல்ல போடுங்ணா!" என்று கத்தினார் டெம்போக்காரர்.

மேட்டில் ஏற்றிக் கூடத்து நிழலில் நிறுத்துவதற்குள் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. டெம்போக்காரர் தன் பாட்டிலை நாச்சிமுத்துவிடம் நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் இன்னும் போகவில்லை.

"அம்மா, இன்னைக்கு நீங்களே சொல்லுங்க. நான் பாத்த வண்டி நல்ல வண்டியா, இல்லியா?"

"நல்ல வண்டிதாங்ணா."

"நிக்குமா?"

"நிக்காது."

"அப்ப அதை இவளுக்குச் சொல்லுங்க!"

மடத்தம்மா வண்டியின் இடது பக்கம் போனார். ஜன்னலுக்கு நேராகக் குனிந்தார். வசந்தமணியின் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. ஏன் இந்த வண்டி?"

வசந்தமணி திரும்பி வெளியே பார்த்தார். டெம்போக்காரர் நாச்சிமுத்துவிடம் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து பதில் சொல்லத் தொடங்கி, மனைவியின் குரல் கேட்டு நிறுத்தினார்.

"அவரு பாத்த வண்டி நிக்காதும்மா. எனக்குத் தெரியும். ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம, காலம் பூரா அதுல தனியா ஓட்டிட்டுப் போயிருவாரு."

மூச்சு முட்டியது. மடத்தம்மா காத்திருந்தார்.

"எனக்கப்புறம் இவரைத் தொந்தரவு பண்றதுக்கு ஆருமில்ல. இதாச்சும் பண்ணட்டும்."