இரட்டைக் கப்பலும் ஒரு தூளியும்

முன்பு ஒரு காலத்தில், நட்சத்திரங்களுக்கு நடுவே ஜனங்கள் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஏழு நிலாக்களையும் ஒரு மந்திரவாதி ஆண்டுவந்தான். அவன் பேர் இமையாதான். பிறந்ததிலிருந்து அவன் கண்ணைக் கொட்டினதே இல்லை. அவன் குடியிருந்தது ஒரு இரும்பு நட்சத்திரத்தில். அது எரிய எண்ணெய் வேண்டாமா? ஏழு நிலாவிலும் இருந்த குழந்தைகளின் தூக்கத்தைத் திருடித்தான் அதை எரித்தான்.

எந்த வீட்டிலும் பிள்ளை தூங்கவில்லை. பிள்ளைகள் கண் சிவந்து, சிணுங்கிச் சிணுங்கி, அம்மா இடுப்பைவிட்டு இறங்காமல் கிடந்தன. தாய்மார் போய் அழுதபோது இமையாதான் சிரித்தான். பகையாளிகள் இரண்டு பேருக்கு நடுவே ஒரு குழந்தை என்றைக்குத் தூங்குகிறதோ, அன்றைக்குத்தான் தன் நட்சத்திரம் அணையும் என்றான். அவன் மந்திரம் எட்டாத இடம் அது ஒன்றுதான். நடக்கப்போகிற காரியமா என்றுதான் அவ்வளவு தைரியமாகச் சொன்னான்.

பொறுத்துப் பார்த்த ஜனங்கள் ஒரு கலகப் படை சேர்த்தார்கள். இரும்பு நட்சத்திரத்தைச் சுற்றி நெருப்புக் காற்று வீசும். ஒற்றைக் கப்பல் போனால் கவிழ்ந்துவிடும். அதனால் இரண்டு கப்பலை அருகருகே வைத்து, கட்டுமரம் கட்டுகிற மாதிரி தடித்த கயிற்றால் சேர்த்துக் கட்டினார்கள். இடக்கப்பலுக்குத் தலைவன் வேங்கையன். வலக்கப்பலுக்குத் தலைவன் மலையப்பன். வேங்கையன் மலையப்பனின் தங்கை தாழையைக் கட்டினவன். படையே அவர்களை மாப்பிள்ளை மச்சான் படை என்றுதான் கூப்பிடும்.

தாழைக்குக் கைக்குழந்தை. சிட்டு என்று பேர். பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை கண் மூடவில்லை. தாழை கூச்சக்காரி. நாலு பேர் இருந்தால் வாயைத் திறக்க மாட்டாள். ஆனாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டாள். அவளுக்கு அரியணையும் வேண்டாம், வெற்றியும் வேண்டாம். சிட்டு ஒரு தடவை தூங்கினால் போதும்.

கப்பல் பாதி வழி போயிருக்கும். சிறகு ஒடிந்த இரும்பு மைனா ஒன்று வந்து விழுந்தது. ஐயோ பாவம் என்று எடுத்து வளர்த்தார்கள். அது இமையாதான் அனுப்பின மைனா என்று யாருக்குத் தெரியும்? யார் குரலைக் கேட்டாலும் அதே குரலில் பேசும் மாய மைனா அது.

முதல் தடவை அது வேங்கையன் காதுக்குப் பின்னால், மலையப்பன் குரலில், "ஜெயிச்சதும் அரியணை எனக்குத்தான்" என்றது. வேங்கையன் திரும்பினான், யாரும் இல்லை. இரண்டாவது தடவை மலையப்பன் காதுக்குப் பின்னால், வேங்கையன் குரலில், அதையே சொன்னது. மூன்றாவது தடவை இரண்டு பேர் குரலிலும் மாறி மாறி, இரண்டு கப்பல் வீரர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னது.

அவ்வளவுதான். படை இரண்டாகப் பிரிந்தது. தண்ணீர் மொள்ளப் போனால், "நீ எந்தப் பக்கம்?" பாய் விரிக்கப் போனால், "நீ எந்தப் பக்கம்?" அரிசி மூட்டை எல்லாம் இடக்கப்பலில், அடுப்பும் உப்பும் வலக்கப்பலில். ஒரு பக்கம் ஊறவைத்த அரிசியை மென்றது, இன்னொரு பக்கம் வெந்நீரில் உப்பைப் போட்டுக் குடித்தது. அப்படியும் யாரும் இறங்கி வரவில்லை. அண்ணன் தம்பிகள், மாமன் மருமகன்கள் எத்தனையோ பேர் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

கடைசியில் கட்டின கயிற்றை அறுத்துக்கொண்டு தனித்தனியாகப் போவதென்று முடிவாயிற்று. முன்னால் நெருப்புக் காற்று செக்கச்செவேல் என்று தெரிய ஆரம்பித்திருந்தது. தனியாகப் போனால் கவிழும் என்று எல்லோருக்கும் தெரியும். ரோஷம் விட்டால்தானே?

கயிற்றைப் பாதி அறுத்திருந்தபோது மலையப்பன் தங்கையைப் பார்த்துக் கேட்டான். "தாழை, நீ எந்தப் பக்கம்?"

"அவ எம் பொண்டாட்டி, மச்சான். அவளை என்ன கேள்வி?" என்றான் வேங்கையன்.

"உமக்குப் பொண்டாட்டி ஆகுறதுக்கு முந்தியே எனக்குத் தங்கச்சி, மாப்பிள்ளை."

படை முழுக்க அவளையே பார்த்தது. தாழை பெட்டியைத் திறந்து ஒரு சேலையை எடுத்தாள். சிட்டு பிறந்தபோது தாய்மாமன் சீராக மலையப்பன் கொண்டுவந்த சேலை அது. வேங்கையன் தன் கையால் திரித்த கயிறு ஒன்றையும் எடுத்தாள். கயிற்றை இரண்டு துண்டாக்கி, ஒரு துண்டைப் புருஷன் கப்பலின் பாய்மரத்தில் கட்டினாள். இன்னொரு துண்டை அண்ணன் கப்பலின் பாய்மரத்தில் கட்டினாள். நடுவே சேலையைத் தூளியாக்கி, பிள்ளையோடு தானும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மலையப்பன் பதறிப்போய், இறங்கு ஆத்தா என்று கெஞ்சினான்.

"ஒத்தை முனையில தூளி கட்ட முடியாதுண்ணே" என்றாள் தாழை. அவ்வளவு மெல்லச் சொன்னாள், ஆனாலும் கடைசி வீரன் வரைக்கும் கேட்டது.

அந்த நேரம் பார்த்து, பாதி அறுத்து வைத்திருந்த கட்டு தானாகத் தெறித்தது. இரண்டு கப்பலும் விலகின. தூளிக்குக் கீழே பாதாளம் மாதிரி வெறும் வானம். வேங்கையன் பாய்ந்து இந்த முனையைப் பிடித்தான். மலையப்பன் அந்த முனையைப் பிடித்தான். இடக்கப்பல் கொஞ்சம் முந்தினால் தூளி இழுபடும். வலக்கப்பல் கொஞ்சம் முந்தினால் கயிறு முறுகும். "மெல்ல" என்றான் வேங்கையன். "மெல்ல" என்றான் மலையப்பன். "மெல்ல, மெல்ல" என்று துடுப்புக்காரர்கள் எல்லாம் ஒரே மூச்சாக வலித்தார்கள். நேற்றுவரை முகம் பார்க்காதவர்கள், எதிர்க்கப்பல் துடுப்பைப் பார்த்துப் பார்த்துத் தங்கள் துடுப்பைப் போட்டார்கள். இரண்டு கப்பலும் சேர்ந்து அசைந்தன. தூளியும் அசைந்தது. தாழை மடியில் சிட்டு கொட்டாவி விட்டது.

இரும்பு மைனாவுக்கு உதறல் எடுத்தது. வேங்கையன் காதுக்குப் பின்னால் போய், மலையப்பன் குரலில், "விட்டுடுவேன், அரியணை எனக்குத்தான்" என்றது.

வேங்கையன் நிமிர்ந்து பார்த்தான். எதிரே மச்சான் நிற்கிறான். பிள்ளை முழித்துக்கொள்ளுமோ என்று மூச்சைக்கூட அடக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறான். அப்படியானால் பேசினது யார்?

வேங்கையன் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடியே இன்னொரு கையால் மைனாவைப் பிடித்தான். அது அவன் பிடியில் அவன் குரலிலேயே கத்தியது. மலையப்பன் அதைக் கேட்டான். தான் கேட்ட அதே குரல். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச முடியாதே, பிள்ளை தூங்கப்போகிறது. மலையப்பன் கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது.

பகைத்து நின்ற அந்த இரண்டு பேருக்கும் நடுவே சிட்டு கண்ணை மூடியது.

மூடின அந்தக் கணமே நெருப்புக் காற்று நின்றது. இரும்பு நட்சத்திரம் விளக்கை ஊதினாற்போல் அணைந்தது. அதற்குள் அடைபட்டுக் கிடந்த தூக்கமெல்லாம் பஞ்சு மாதிரி பறந்து, ஏழு நிலாவிலும் வீடு வீடாகப் போய் இறங்கியது. வழியில் ஒரு துளி இமையாதான் கண்ணிலும் விழுந்தது. பிறந்ததிலிருந்து கொட்டாத கண் சொக்கிப்போய், அவன் அரியணையிலிருந்து சரிந்து, தரையிலேயே படுத்து, குறட்டை விட ஆரம்பித்தான். அவனை யாரும் எழுப்பவில்லை.

அரியணையில் யார் உட்கார்ந்தார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? யாரும் உட்காரவில்லை. மாப்பிள்ளையும் மச்சானும் அதை உருக்கி, பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் தூளி மாட்டும் கொக்கி அடித்துக் கொடுத்தார்கள். முதல் கொக்கி தாழை வீட்டில். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருக்கும். சேலை முந்தியால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

கதை முடிந்தது. மடியில் பிள்ளை தூங்கியிருந்தால் மெல்லத் தூளியில் போட்டுவிட்டு, சத்தம் போடாமல் எழுந்து போங்கள்.