தலைதட்டிய படி

தேரிக்காட்டுச் செம்மணலில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு முந்திரி மரம். எங்கள் பக்கம் அதைக் கொல்லாமரம் என்பார்கள். மரத்தடியில் ஓர் ஓலைக்குடிசை, அதில் ஒரு சாமியார். அதனால் அவர் கொல்லாமரத்துச் சாமி. எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினாரே தவிர அவர் பதில் சொன்னதில்லை.

சாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவருடைய ஒரே சீடர் தவசிமுத்துவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். சீடர் குருவை ‘சாமி’ என்று கும்பிடுவார். ஊருக்கு இதில் நல்ல சிரிப்பு.

பனையை நம்பிய ஊர் அது. பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடியோடு சரி. கருப்பட்டி விற்ற காசில் ஆடிக் கடைசியில் ஒரு வருசத்து அரிசியை மொத்தமாக வாங்கி, ஆளுயர மண் குலுக்கையில் கொட்டி மூடுவார்கள். அடுத்த பங்குனிவரை வேறு வரவு கிடையாது. குலுக்கையில் உள்ளதுதான் வீடு.

ஆனாலும் எந்த வீட்டில் உலை வைத்தாலும், அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். வெள்ளிக்கிழமை அந்தக் கலயம் கொல்லாமரத்தடிப் பானையில் கவிழும். சாமிக்குக் கஞ்சி அந்தப் பிடியரிசிதான். வழிப்போக்கனுக்கும் அதுதான். மாசியில் குலுக்கை காலியாகிப் போனவர்களுக்கும் அதுதான். யார் யார் வந்து குடித்தார்கள் என்று சாமி வெளியே சொன்னதில்லை.

அந்த வருசம் பனை சீவும் முன்பே மழை பொய்த்திருந்தது. பாளையில் பதநீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. தவசிமுத்து வீட்டுக் குலுக்கையில் கழுத்தளவு நிற்க வேண்டிய அரிசி இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது.

அவர் பயந்துபோனார். சும்மா பயம் இல்லை. சின்ன வயதில் ஒரு மாசியில் வீட்டுக் குலுக்கை காலியானதும், அந்த மாசத்திலேயே தங்கச்சி போய்ச் சேர்ந்ததும் அவர் கண்ணால் பார்த்தது. மாசி என்று யாராவது சொன்னாலே எழுந்து போய்க் குலுக்கையைத் தட்டிப் பார்ப்பார்.

ஆவணி பிறந்ததும் சாமியிடம் வந்து உட்கார்ந்தார்.

“சாமி, ஒரு வருசச் சோத்தையும் ஒரே நாளுல கண்ணால பாத்துடுதேன். பெறவு அது குறையுததை மட்டுந்தான் பாக்க வேண்டியிருக்கு. எப்படி உறக்கம் வரும்?”

“பாக்காம இருக்கலாம்லா அண்ணாச்சி?”

“பாக்காட்டா இன்னும் பயமா இருக்கு.”

சாமி சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தார்.

“வீட்டுல பிடியரிசிய நிப்பாட்டச் சொல்லிட்டேன். சாமி கோவிச்சுக்கிடக் கூடாது.”

“சரி அண்ணாச்சி.”

திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவருக்கு அந்தச் ‘சரி’ பெரிய இம்சையாகப் போயிற்று. இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு அவர் பாடு சொல்லி மாளாது. குலுக்கை இருந்த உள்ளறைக்குப் பூட்டுப் போட்டார். சாவி அரைஞாணில் தொங்கியது. அதுவரை மனைவி பத்திரகனிதான் அரிசி அளப்பாள். இப்போது அவரே அளந்தார். அளந்ததும் முக்காலி போட்டு ஏறிக் குலுக்கைக்குள் எட்டிப் பார்ப்பார். கீழே சிந்திய அரிசியை விரல் நுனியில் ஒற்றி எடுத்து உள்ளே போடுவார். உறவுக்காரர் வண்டி தெருவில் திரும்பினால் அவருக்கு இருமல் வந்துவிடும். கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வார். வந்தவர்கள் மோர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முன்பெல்லாம் அந்த வீட்டு அளவுப்படி கும்பாரமாக, விளிம்புக்கு மேல் குவிந்து நிறையும். அவர், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள், நாலு பேருக்கும் அது தாராளம். புரட்டாசியில் அவர் படியைத் தலைதட்டி, விளிம்போடு சமமாக அளந்தார். ஐப்பசியில் விளிம்புக்குக் கீழே விரல் வைத்து அளந்தார். மழைச்சத்தம் கேட்டால் ஊர் சந்தோசப்பட்டது. அவர் மட்டும் ஈரம் அரிசியைத் தொட்டுவிடுமோ என்று குலுக்கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பத்திரகனி அவர் அளந்து கொடுத்ததை முறத்தில் வாங்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிதோறும் அவள் கொல்லாமரத்தடிக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. கலயத்தைக் கவிழ்ப்பாள், கும்பிடுவாள், போவாள். அண்ணாச்சி மனசு மாறிவிட்டார் என்று சாமி நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சாமி அடுப்பு வேலையாக இருந்ததால் பத்திரகனி கலயத்தை அவர் பக்கத்தில் வைத்தாள். திரும்பி நாலு எட்டு நடந்திருப்பாள், அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

சாமி ஓடிப்போனார். “என்ன மதினி?”

“ஒண்ணுமில்ல. வெயிலு. கண்ண இருட்டிட்டு.”

வானம் மூட்டமாகக் கிடந்தது. சாமி அண்ணாந்து பார்த்துவிட்டு ஓலைப்பட்டையில் கஞ்சி கொண்டுவந்தார்.

“வேண்டாம் சாமி. வீட்டுல சோறு இருக்கு. தண்ணி மட்டும் தாங்க.”

அவள் தண்ணீருக்குக் கையைத் தூக்கியபோது வளையல்கள் முழங்கைவரை சரிந்து இறங்கின. சாமி அதைப் பார்த்தார். அவள் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய நடந்து போனாள். அந்தக் கலயத்து அரிசியைச் சாமி பானையில் கொட்டாமல் தனியாக வைத்தார்.

அன்று சாயங்காலம் தவசிமுத்து வந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிவு.

“சாமி, கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கு. இப்படியே போனா பங்குனியத் தொட்டுரலாம். முக்காப்படி போதுமா இருக்கு.”

“நாலு பேருக்குமா?”

“நாலு பேருக்குந்தான். ஒருத்தரும் பசிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. வயிறு நாம பழக்குததுதான் சாமி. நான் ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“இன்னும் கொஞ்சம் குறைச்சா குத்தமா?”

சாமி அடுப்பிலிருந்து சுள்ளியை வெளியே இழுத்தார்.

“நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வாறேன் அண்ணாச்சி. அங்க வச்சுச் சொல்லுதேன்.”

தவசிமுத்துவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொல்லாமரத்துச் சாமி இதுவரை எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை. ஊரே பொறாமைப்படப் போகிறது. வாய் ‘பாக்கியம் சாமி’ என்றது. மனசு, இன்னொரு ஆள், இன்னொரு ஆள் என்று அடித்துக்கொண்டது. குருவின் வயிற்றைக் கணக்குப் பார்க்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே கணக்குப் பார்த்தார்.

மறுநாளும் முக்கால் படிதான் அளந்தார். “சாமியா இருக்கவரு நிறையவா சாப்பிடுவாரு? கொஞ்சமாத்தான் சாப்பிடுவாரு,” என்றார் மனைவியிடம். அவள் முறத்தை வாங்கிக்கொண்டாள்.

சாமி வந்தார். தோளில் ஒரு துணி மூட்டை. அதை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தார். பத்திரகனி பரிமாறினாள். சாமிக்கு நிறைய வைத்தாள். கணவருக்கு வைத்தாள். பிள்ளைகளுக்கு வைத்தாள். முருங்கைக்கீரைக் குழம்பு ஊற்றினாள்.

சாமி சோற்றில் கை வைக்கவில்லை.

“மதினி உக்காரட்டும்.”

“நான் பெறவு சாப்பிடுதேன் சாமி.”

“அப்ப நானும் பெறவு சாப்பிடுதேன்.”

“பொம்பளைங்க நாங்க கடைசிலதான் சாப்பிடுவோம். வழக்கந்தானே.”

“எங்க ஊருல அந்த வழக்கம் இல்ல.”

சாமி எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் தவசிமுத்துவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“ஏளா, சாமி சொல்லுதாருல்லா. நீயும் போட்டுட்டு உக்காரு.”

பத்திரகனி நகரவில்லை.

“உக்காருங்கேன்.”

“எனக்கு இப்பம் பசிக்கல.”

“சாமிய உக்கார வச்சுட்டு என்ன பேச்சு இது? இரு, நானே போடுதேன்.” தவசிமுத்து கையை உதறிக்கொண்டு எழுந்து அடுப்படிக்குள் போனார். அளந்து கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். அரிசி சோறாகும் இடத்துக்கு அவர் அன்றுதான் போனார்.

சோற்றுப்பானை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

பக்கத்துச் சட்டியைத் திறந்தார். வடித்த கஞ்சித்தண்ணி, அடியில் நாலு பருக்கை.  சட்டியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார்.

“ஒனக்கு எடுத்து வைக்கலியா?”

“இன்னைக்குச் சாமி வந்துட்டாருல்லா,” என்றாள் அவள்.

“சரிதான். இன்னைக்கு நான் வந்தேன்,” என்றார் சாமி. “நேத்து யாரு வந்தா மதினி?”

 இளைய மகள்தான் தலையைத் தூக்கினாள்.

“நேத்து யாரும் வரல. நாந்தான் இன்னும் வேணும்னு கேட்டேன். அம்மா தந்தா.”

“முந்தாநாளு நான் கேட்டேன்,” என்றாள் மூத்தவள் மெதுவாக.

தவசிமுத்து இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். “எங்கிட்ட ஒருத்தியும் கேக்கலியே.”

“நீங்க பயந்துருவிய,” என்றாள் இளையவள்.

சாமி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே நேற்றைய கலயம், அதில் அரிசி. தவசிமுத்துவுக்குத் தன் வீட்டுக் கலயம் தெரியாதா? அவ்வளவு நேரம் அடங்கியிருந்த படபடப்பெல்லாம் கோபமாக வந்தது.

“நிப்பாட்டச் சொன்னேனே! ஆவணியிலயே சொன்னேனே!”

“வீட்டு அரிசிய நிப்பாட்டச் சொன்னீய. நிப்பாட்டிட்டேன்,” என்றாள் பத்திரகனி. அவள் குரல் உயரவில்லை. “நாலு பேருக்குன்னு அளந்து தந்தீய. அதுல என் பங்குல இருந்துதான் ஒரு பிடி எடுத்தேன்.”

“எதுக்குளா? எதுக்கு?”

“மாசியில அந்தப் பானைகிட்டத்தானே போய் நிக்கணும்? ஒரு பிடியும் போடாம எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய் நிக்க? எனக்கும் பயம்தான்.”

 பிள்ளைகள் கையைச் சோற்றிலிருந்து எடுத்துவிட்டார்கள். தவசிமுத்து மனைவியை அப்போதுதான் பார்த்தார். அவளைப் பார்த்து மூன்று மாதம் ஆகிவிட்டது. அதுவரை அவர் குலுக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு, கன்னம் ஒட்டி, தங்கச்சி கடைசியாக இருந்த இருப்பில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு அழுகை வந்தது. சாமி இருக்கிறாரே என்று அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

அரைஞாணில் தடவிச் சாவியை எடுத்தார். உள்ளறைப் பூட்டைத் திறந்தார். உள்ளே போனவர் படியைக் கும்பாரமாக நிறைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அரிசி சிந்தியது. அவர் குனியவில்லை.

“உலை வை.”

“இப்பமா?”

“இப்பந்தான்.”

முறத்தில் கொட்டினார். பத்திரகனி அரிசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். அள்ளிய கையோடு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கலயத்தைத் தள்ளி அவள் கைக்கடியில் வைத்தார்.

சோறு வெந்து அவள் உட்கார்ந்த பிறகுதான் சாமி சாப்பிட்டார். முன்பே பரிமாறி ஆறிப்போன சோறு. இருந்தும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும்போது தவசிமுத்து கலயத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். உள்ளறைக் கதவு திறந்தபடி கிடப்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தார். ஆனாலும் நிற்காமல் நடந்தார். கொல்லாமரத்தடியில் அரிசியைப் பானையில் கொட்டினார். கொட்டிவிட்டு, காலிக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“சாமி, பொய் சொல்ல மாட்டேன். பயம் இன்னும் போகல. இனி அந்த அரிசி தையைத் தாண்டாது. மாசி வந்தா நான் என்ன செய்ய?”

சாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“மாசி உங்க வீட்டுக்கு ஆவணியிலயே வந்தாச்சு அண்ணாச்சி. மதினிதான் ஒத்தையில நின்னு அதுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தாவ.”