நண்டுக்குப் பக்கநடை வந்த போர்

அந்தக் காலத்தில், பறக்கிறது ஊர்கிறது எல்லாம் வாய்விட்டுப் பேசின காலத்தில், நண்டும் நம்மைப் போல நேராகத்தான் நடந்தது.

ஏரிக்குக் கீழே ஒரு நடவு வயல். அது யாருக்கு என்று நண்டுக்கும் கொக்குக்கும் போர் மூண்டுவிட்டது. நண்டுகளுக்கு ராசா கொடுக்கன். வீறாப்புக்குக் குறைச்சலே இல்லாதவர். போருக்கு முதல் நாள் எல்லா நண்டையும் சேற்றில் கொடுக்கை ஊன்றிச் சத்தியம் பண்ண வைத்தார்.

"எதிரிக்கு முதுகைக் காட்ட மாட்டேன். காட்டினால் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் இந்த வயலில் வளை கிடையாது."

சேத்தாயி என்கிற நண்டும் சத்தியம் பண்ணினாள். அவள் வயிற்று மடிப்புக்குள்ளே நூறு குஞ்சு.

விடிந்ததும் கொக்குப் படை வெள்ளை வெளேரென்று வந்து இறங்கியது. ஒவ்வொரு மூக்கும் ஒரு ஈட்டி. கொக்குத் தளபதி நெட்டையன் நேரே சேத்தாயி முன்னால் வந்து நின்றான்.

"என்ன ஆத்தா, பிள்ளைகுட்டியோட விருந்தா வந்துட்டியா?"

முன்னே போனால் கொக்கு வாய். திரும்பி ஓடினால் குஞ்சுகளுக்கு வளை இல்லை. சேத்தாயி பக்கத்தில் நின்ற ராசாவைக் கேட்டாள்.

"அண்ணே, முதுகைத்தானே காட்டக் கூடாது?"

"ஆமா."

"விலாப்பக்கமா நகரலாமா?"

ராசா கண்ணை உருட்டி யோசித்தார். "அதைப் பத்தி நாம ஒண்ணும் பேசலையே தாயி..."

அவர் முடிக்கவில்லை, நெட்டையன் குத்தினான். சேத்தாயி முகத்தைத் திருப்பாமலே சரேலென்று பக்கத்தில் ஒதுங்கினாள். அவன் மூக்கு சேற்றில் கண் வரைக்கும் இறங்கி மாட்டிக்கொண்டது.

"ஆத்தாடி! எல்லாரும் அப்படியே ஒதுங்குங்க!" என்று ராசா கத்தினார்.

வயல் முழுக்க நண்டுகள் விலாப்பக்கமாக ஓடின. நேரே குத்தியே பழகின கொக்குகள் சேற்றைத்தான் குத்தின. மாட்டிக்கொண்ட கொக்குகளின் காலை நண்டுகள் கவ்விப் பிடித்தன.

நெட்டையன் காலைப் பிடித்தது சேத்தாயி. "விடு ஆத்தா! வயல் உனக்கே! ஓரமா நிக்க மட்டும் இடம் கொடு!" என்று அவன் அலறினான்.

"சேற்றில் மூக்கை ஊன்றிச் சத்தியம் பண்ணு."

"ஊன்றித்தானே இருக்கு!"

சேத்தாயி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

மறுநாள் அவள் குஞ்சுகள் இறங்கி முதல் நடை நடந்தன. தாயைப் பார்த்து நூறும் பக்கவாட்டில் நடந்தன. அதைப் பார்த்து ராசாவும் அப்படியே நடந்தார்.

அன்றைக்குத் தொடங்கினதுதான் இந்தப் பக்கநடை. நீங்களே வரப்பில் ஒரு நண்டைத் துரத்திப் பாருங்கள். கொடுக்கைத் தூக்கி, கண்ணை உங்கள் மேலேயே வைத்துக்கொண்டு போய் வளைக்குள் இறங்கும். அது ஓடினது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.