கேம் தண்டு பிடியைத் தளர்த்திய நாள்

அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது. காருக்குள் இருக்கும் உறுப்புகள் ஓயாமல் சண்டை போடும். ஓட்டுகிறவர்களுக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும்.

கொல்லிமலையில் அத்தாயி என்பவள் வாடகைக் கார் ஓட்டினாள். அவள் கார் எஞ்சினில் கேம் தண்டுதான் பெரிய அதிகாரி. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும் உள்வால்வு, புகையை வெளியே விடும் வால்வு, இரண்டும் எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்று அதுதான் சொல்லும். மலையேற்றமோ, சமவெளியோ, சந்தையில் சும்மா நிற்கிற நேரமோ, அதற்கு எல்லாம் ஒரே கணக்கு. தன்னைச் சுற்றிவிடும் பல்சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு இம்மியும் நகராது. அப்படி ஒரு பிடிவாதம்.

"சமவெளியில மூக்கைப் பொத்திக்கிட்டு மூச்சு இழுக்கற மாதிரி இருக்குது," என்று பிஸ்டன் புலம்பும். அப்படித் திணறி இழுப்பதிலேயே நிறையப் பெட்ரோல் வீணாகும். கார் பாதி மலையில் பெட்ரோல் தீர்ந்து நிற்கும்.

அத்தாயிக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் நாமக்கல் சந்தையில் பழைய இரும்புக் கடைக்காரர் சீரங்கனைக் கூப்பிட்டாள். "வண்டில ஏறுங்கண்ணா. இன்னைக்கும் நடு மலைல நின்னா அங்கயே பிரிச்சு எடுத்துக்குங்க."

சீரங்கன் சுத்தியலோடு பின் சீட்டில் உட்கார்ந்தார்.

எஞ்சினுக்குள் எல்லோரும் கூச்சல் போட்டார்கள். எண்ணெய் மட்டும் மெல்ல மேலே ஏறி வந்து தண்டிடம் பேசியது. "அண்ணே, பல்சக்கரத்தைக் கொஞ்சம் தளர்வாப் புடி. நடுவுல நான் வந்து நிக்கறேன். வேணுங்கறப்ப உன்னை முன்னாடி தள்ளறேன், வேணுங்கறப்ப பின்னாடி தள்ளறேன்."

"நான் ரொம்ப விலகிட்டா வால்வும் பிஸ்டனும் முட்டி ஒடைஞ்சிருமே," என்றது தண்டு. இத்தனை நாள் பிடிவாதம் என்று எல்லோரும் நினைத்தது பயம்தான், பாவம்.

"நான் நடுவுல இருக்கற வரைக்கும் முட்ட விட மாட்டேன்."

தண்டு கண்ணை மூடிக்கொண்டு பிடியைத் தளர்த்தியது. எண்ணெய் அந்த இடைவெளியில் புகுந்தது.

சந்தை நெரிசலில் இரண்டு வால்வுகளும் ஒரே சமயத்தில் திறந்து கிடக்காமல், ஒன்று மூடியபின் ஒன்றாகத் திறந்தன. குலுங்கிக்கொண்டே நிற்கும் கார் அன்று சாதுவாக நின்றது. சமவெளிக்கு வந்ததும் எண்ணெய் தண்டைப் பின்னால் தள்ளியது. உள்வால்வு தாமதமாக மூடியது. பிஸ்டன் தாராளமாக மூச்சை இழுத்து, மிஞ்சியதை வந்த வழியே திருப்பி அனுப்பியது. "மூக்கைத் திறந்து விட்டுட்டாங்கப்பா," என்று அது பாடாத குறைதான். மலை அடிவாரத்தில் எண்ணெய் தண்டை முன்னால் தள்ளியது. உள்வால்வு சீக்கிரம் மூடியது. இழுத்த மூச்சு முழுதும் உள்ளே தங்க, கார் கொண்டை ஊசி வளைவுகளில் திணறாமல் ஏறியது.

வழக்கமாக நிற்கும் வளைவு வந்தது. சீரங்கன் சுத்தியலைக் கையில் எடுத்தார். கார் அதைக் கடந்து போனது. அடுத்த வளைவையும் கடந்தது. அத்தாயி பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். அது இறங்க மனமில்லாமல் இருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மலை மேல் செம்மேட்டில் கார் நின்றபோது டாங்கில் இன்னும் பெட்ரோல் குலுங்கியது.

"ஏனுங்கம்மா, நான் கீழ போவோணுமே," என்றார் சீரங்கன், சுத்தியலைச் சீட்டுக்கடியில் ஒளித்துக்கொண்டு.

"உக்காருங்கண்ணா. இருக்கற பெட்ரோல்லயே கொண்டுபோய் விட்டுட்டு, திரும்பியும் வந்துருவேன்," என்றாள் அத்தாயி. சொன்னபடியே வந்தும் சேர்ந்தாள்.

அன்று முதல்தான் கேம் தண்டு சாலைக்குத் தக்கபடி முன்னும் பின்னும் நகர்ந்து பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது. எண்ணெய் குறைந்துபோன காரைக் காலையில் கிளப்பினால், முதலில் ஒரு கணம் கடகடவென்று சத்தம் வரும். எண்ணெய் இன்னும் மேலே வந்து சேராததால் தண்டு பயந்துபோய் அதைக் கூப்பிடுகிறது.