மின்மினிக்குப் போட்ட பூட்டு

தேவசகாயம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தைந்து. தொலைபேசி நிலையத்தில் விருப்ப ஓய்வு வாங்கிய மனிதர், திருச்சி பாலிடெக்னிக் ஒன்றில் பாடம் எடுக்கும் செங்கமலத்திடம் போய் உட்கார்ந்து, ‘டீச்சர், டீச்சர்’ என்று கூப்பிட்டுப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செங்கமலம் செய்த காரியம் அப்படிப்பட்டது.

மின்மினி என்று ஒரு கம்ப்யூட்டர் நாற்பது வருஷத்துக்கு முன்னால் சில வீடுகளில் இருந்தது. டிவியோடு இணைத்து, டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால்தான் அதற்குள் எதுவும் ஏறும். கம்பெனி மூடியது. மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயின. பாலிடெக்னிக்கின் உடைசல் அறையில் அகப்பட்ட ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இன்றைய கம்ப்யூட்டருக்குள் அச்சு அசலாக மின்மினி போலவே நடந்துகொள்ளும் ஒரு எமுலேட்டரை அவர் எழுதினார். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பழைய மெஷினில் திரை நடுங்கும். அந்தக் கோளாறைக்கூட விடவில்லை மகராசி. எல்லாம் முடிந்ததும் இணையத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார். அப்படி ஒரு மனசு எல்லாருக்கும் வாய்க்காது.

கேசட்டின் இரைச்சலைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியைப் பிற்பாடு திருத்தி எழுதியவர் தேவசகாயம். இரண்டு வருஷ உழைப்பு. முதல் திரையில் டீச்சர் பெயருக்குக் கீழே அவர் பெயரும் வரும். பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு குளிரும்.

ஒரு சனிக்கிழமை காலை முகம் கறுத்து லேபுக்குள் வந்தார்.

“எவனோ நம்ம எமுலேட்டரை எடுத்து, நம்ம ரெண்டு பேர் பேரையும் அழிச்சுட்டு, அவன் பேரைப் போட்டுக் குடுத்துட்டிருக்கான் டீச்சர். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேங்கற கதையா இருக்கு.”

“ஓடுதா?”

“எது?”

“அவரு குடுக்கறது. நல்லா ஓடுதா?”

“நாம எழுதினது ஓடாம எங்க போகும்?”

“அப்ப சரி.”

தேவசகாயத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சரின்னா எப்படி டீச்சர்? இப்படி வாரி வாரிக் குடுத்தா மதிப்பே இருக்காது. எதுக்கு வேணும்னு கேப்போம். தகுதி இருக்கறவங்களுக்கு மட்டும் குடுப்போம்.”

“செய்யுங்க சார். வாசல்ல நீங்களே நில்லுங்க,” என்றார் செங்கமலம். விடைத்தாள் திருத்தக் குனிந்துகொண்டார்.

அன்றைக்கே தேவசகாயம் ஒரு படிவம் செய்தார். பெயர், ஊர், ‘எதற்காக வேண்டும்?’ என்று ஒரு கட்டம். எமுலேட்டர் அந்தப் படிவத்துக்குப் பின்னால் போனது.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் கேட்டார். “எத்தனை பேர் வந்தாங்க?”

“பத்தொம்பது. பதினெட்டுப் பேருக்குக் குடுத்துட்டேன். ஒருத்தர் ஆராய்ச்சி பண்றாராம், ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதியிருக்கார். படிக்கவே அழகா இருந்துச்சு.”

“மிச்சம் ஒருத்தர்?”

“புதுக்கோட்டையில பரிமளான்னு ஒரு அம்மா. காரணம் கேட்டா, ‘சும்மா பார்க்கணும்’னு எழுதியிருக்காங்க. வேலை வெட்டி இல்லாத ஆளு போல. இல்லைன்னுட்டேன்.”

செங்கமலம் தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பினார். ஐந்து வருஷத்துக்கு முந்தைய மின்னஞ்சல்.

“படிங்க சார்.”

தேவசகாயம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். “மேடம், மின்மினி எமுலேட்டரை எனக்கு இறக்கத் தெரியவில்லை. அனுப்ப முடியுமா? சும்மா ஓட்டிப் பார்க்கத்தான். இப்படிக்கு, தேவசகாயம்.”

அந்த மின்னஞ்சல் போன மறுநாளே டீச்சரிடமிருந்து பென் டிரைவ் கூரியரில் கிளம்பியிருந்தது. எப்படி ஓட்டுவது என்று கைப்பட எழுதிய நாலு பக்கமும் கூடவே வந்தது.

அன்றைக்கு அவரிடம் ஒரு கேசட் இருந்தது. இளவட்ட வயதில் அவரும் அண்ணன் எபனேசரும் சேர்ந்து எழுதிய ஆட்டம், இரண்டு பேர் ஆடுவது. பிற்பாடு ஒரு சுவர்த் தகராறில் பேச்சு அறுந்து பத்தொன்பது வருஷம் ஓடியிருந்தது. எமுலேட்டரில் அதை ஏற்றி, இரண்டு பக்கமும் தானே ஆடி, தம்பி பக்கத்தில் தோற்றார். அண்ணன் அந்தக் காலத்தில் ஒளித்து வைத்திருந்த வரி, இங்கிலீஷ் எழுத்தில், திரையில் வந்தது: ‘அழாதடா, இன்னொரு ஆட்டம் போடலாம்.’ தேவசகாயம் அழுதார். அழுதுகொண்டே தூத்துக்குடியில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டார். போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு.

இதையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு மேடத்துக்கு எழுத முடியுமா? இன்று வரை டீச்சரிடம்கூட அவர் சொன்னதில்லை.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பரிமளாவுக்குத் தான் அனுப்பியிருந்த இரண்டு வரி பதில் கண்முன்னே நின்றது.

“டீச்சர், அன்னைக்கு நான் எதுக்குக் கேட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்,” என்றார் செங்கமலம். “நான் கேக்கலையே.”