தலையாட்டி வரவேற்ற ஏரி

செங்கரை ஏரியில் இரண்டு ஆண்டுகளாகப் பனிமலை வாத்துகள் இறங்கவே இல்லை.

முன்பெல்லாம் மார்கழி பிறந்தால் போதும். வடக்கே பனிமலைகளைத் தாண்டி ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். கரைப்புல்லை மேயும், ஏரியில் நீந்தும், எச்சமிடும். அந்த எச்சத்தால் நீர் வளமாகும். நீர் வளமானால் மீன் பெருகும். மீன் பெருகினால் ஏரியில் எல்லோருக்கும் வயிறு நிறையும். ஒரு முறை ஏரி வற்றிப்போனதால் வாத்துகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. பிறகு மழை பெய்து ஏரி நிறைந்தும் அவை திரும்பவில்லை.

நீர்நாய் துடுப்பனின் வீட்டில் நான்கு குட்டிகள். மீன் கிடைக்காமல் நண்டின் ஓட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தன.

ஒருநாள் தகைவிலான் குருவி ஒன்று பறந்து வந்து சேதி சொன்னது. "வாத்துக் கூட்டம் கிளம்பிவிட்டது! இடம் பார்க்கப் பன்னிரண்டு வாத்துகள் முன்னால் வருகின்றன. அவற்றுக்குப் பிடித்தால் கூட்டம் முழுவதும் இங்கேதான்!"

ஏரியின் தலைவரான காட்டெருமை உடனே கூட்டம் போட்டார். "வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்கள் மனம் கோணாமல் வரவேற்க வேண்டும். யாருக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியும்?"

"எனக்கு!" என்று கிளையிலிருந்து குதித்தது மலை மைனா. அதற்குப் பன்மொழி வித்தகர் என்று பட்டம். பட்டத்தை வழங்கியதும் அதுவேதான். "பன்னாட்டு வரவேற்பில் என்னை மிஞ்ச ஆளில்லை, தலைவரே! வாத்து மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாருங்கள்!"

மைனா கழுத்தை நீட்டித் தலையை மூன்று முறை வெடுக்கென்று மேலே ஆட்டியது. பிறகு "ஹாங்! ஹாங்க்! ஹாங்!" என்று கத்தியது. அசல் வாத்தின் குரல்! கூட்டம் வாய் பிளந்தது.

"கடைசியாக அவை இங்கே இருந்தபோது, ஒரு நாள் காலையில் எல்லா வாத்துகளும் ஒன்றுக்கொன்று இப்படிச் செய்ததை என் கண்ணால் பார்த்தேன். எவ்வளவு மரியாதையான இனம்!" என்றது மைனா.

கோரைப்புல் பக்கமிருந்து நாமக்கோழி மெல்ல நீந்தி வந்தது. ஆறு குளிர்காலம் வாத்துகளோடு அக்கம்பக்கமாய் வாழ்ந்த பறவை அது. "ஐயா, அன்று காலைதானே அவை ஊரைவிட்டுக் கிளம்பின? அதற்கு வேறு ஏதோ பொருள் இருக்கும் போலிருக்கிறதே. வந்ததும் அவற்றிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா?"

மைனா சிரித்தே விட்டது. "கேட்பதா? கேட்டால் நமக்குத் தெரியாது என்று ஆகிவிடாதா? நம் ஏரியின் மானம் என்ன ஆவது? ஏன் அம்மா, நீ இந்தக் கோரையைத் தாண்டி எங்கேயாவது போயிருக்கிறாயா?"

"இல்லை."

"பிறகு வெளிநாட்டு விஷயத்தில் உனக்கென்ன பேச்சு? போய்ப் பாசியை ஒதுக்கு!"

எல்லோரும் கைதட்டினார்கள். நாமக்கோழி பாசியை ஒதுக்கப் போனது.

பத்து நாள் பயிற்சி நடந்தது. மான்கள் வரிசையாக நின்று தலையை ஆட்டின, கொம்போடு கொம்பு சிக்கிக்கொண்டன. காட்டுப்பன்றிக்குக் கழுத்துச் சுளுக்கு. தவளைகள் தொண்டை கட்டும் வரை "ஹாங்" என்று கத்தின. "உணர்ச்சி போதாது! இன்னும் வேகமாக!" என்று கிளையில் உட்கார்ந்து மைனா அதட்டியது.

பன்னிரண்டு வாத்துகளும் வந்து சேர்ந்தன. பல நாள் பறந்த களைப்பில் சிறகு துவண்டு, தொப் தொப்பென்று தண்ணீரில் விழுந்தன. தலைமை வாத்து நோர்பு பெருமூச்சு விட்டது. "நல்ல ஏரிதான்" என்று சொல்ல வாயெடுத்தது.

"ம்! ஆரம்பியுங்கள்!" என்றது மைனா.

கரை நெடுகிலும் இருநூறு தலைகள் வெடுக் வெடுக்கென்று ஆடின. "ஹாங்! ஹாங்க்! ஹாங்!" என்று ஏரியே அதிர்ந்தது.

நோர்புவின் கண்கள் பிதுங்கின. ஒரே ஒரு கத்தல். அடுத்த நொடி வாத்துகள் தண்ணீரை அடித்துக்கொண்டு மேலே எழும்பின.

"பார்த்தீர்களா! மகிழ்ச்சியில் பறந்து காட்டுகிறார்கள்!" என்று மைனா கூவியது. "விடாதீர்கள்! இன்னும் சத்தமாக!"

இவர்கள் இன்னும் சத்தமாகக் கத்த, அவை இன்னும் உயரமாகப் போயின.

ஒரு வாத்து மட்டும் எழ முடியாமல் கோரைக்குள் விழுந்தது. பறந்த களைப்பில் அதன் சிறகு சுளுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுங்கிக்கொண்டிருந்த அதனிடம் நாமக்கோழி போனது. தனக்குத் தெரிந்த அரைகுறை வாத்து மொழியில் கேட்டது: "ஏன் போகிறீர்கள்?"

"ஏனா? நீங்கள்தானே விரட்டினீர்கள்!" என்று வாத்து சீறியது. "தலையை அப்படி ஆட்டினால், 'ஆபத்து, உடனே பற' என்று பொருள். எங்களில் ஒரு வாத்து சொன்னாலே பறந்துவிடுவோம். இங்கே ஏரி முழுவதும் சொன்னதே! பன்றிகூடச் சொன்னது!"

"அப்படியானால் 'வாருங்கள்' என்று எப்படிச் சொல்வீர்கள்?"

"அதையெல்லாம் வாயால் சொல்ல மாட்டோம். தலையைக் குனிந்து பேசாமல் மேய்வோம். பேசாமல் மேய்கிற இடத்தில் பயமில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான்."

நாமக்கோழி அலறியடித்துக்கொண்டு கரைக்கு ஓடியது. "தலைவரே! எல்லோரும் குனிந்து மேயுங்கள்! யாரும் வாயைத் திறக்காதீர்கள்!"

"பேசாமல் ஒரு வரவேற்பா? அருமையான யோசனை! அதை முதலில் நான் ஒரு சிற்றுரையில் அறிமுகம்—" என்று மைனா தொடங்கியது. துடுப்பன் பாய்ந்து அதன் அலகை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

காட்டெருமை குனிந்தார். மான்கள் குனிந்தன. சுளுக்கிய கழுத்தோடு பன்றியும் குனிந்தது. ஏரி அமைதியானது.

கோரைக்குள்ளிருந்து அந்த வாத்து மேலே பார்த்து மெல்லக் குரல் கொடுத்தது. வானத்தில் வாத்துகள் வட்டமிட்டன. நெடுநேரம் வட்டமிட்டன. நான்கு மட்டும் இறங்கின. நோர்பு இறங்கவில்லை. மற்றவற்றை அழைத்துக்கொண்டு கூட்டத்துக்குச் சேதி சொல்லப் போய்விட்டது. சேதி என்னவென்று சொல்ல வேண்டுமா?

அந்த ஆண்டு பெருங்கூட்டம் வரவில்லை. ஐந்து வாத்துகளின் எச்சத்தில் எத்தனை மீன் பெருகும்? கோடையில் துடுப்பன் குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு தூரத்து ஆற்றுக்குக் குடிபோனான். தங்கிய ஐந்தும் ஊர் திரும்பி நல்ல வார்த்தை சொன்ன பிறகுதான், அடுத்த மார்கழியில் கூட்டம் வந்தது. அப்போது கரையில் யாரும் வரிசைகட்டி நிற்கவில்லை. நாமக்கோழி மட்டும் நீந்திப் போய், "என்ன வேண்டும்?" என்று கேட்டது.

மைனாவா? அது பக்கத்து ஏரிக்குப் போய்விட்டது. அங்கே கொக்குகளை வரவேற்பது எப்படி என்று வகுப்பு எடுக்கிறது. கேட்க நல்ல கூட்டமாம்!

பிறர் வழக்கத்தை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சப்படுகிறவன், வரவேற்பதாக நினைத்துக்கொண்டே விருந்தாளியை விரட்டிவிடுவான்.