மூன்று முறை வந்தவள்

போதகர் எப்சிபா பேராயக் கூட்டத்துக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பியிருந்தார். மறுநாள் காலை சபை ஊழியர் ஞானசிகாமணி, போதகர் குடியிருக்கும் குருமனைக்கு வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

“நீங்க இல்லாதப்ப ஒரு குடும்பத்தைச் சேர்த்து வச்சேன், அம்மா.”

ஞானசிகாமணிக்கு அறுபத்தோரு வயது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மிச்ச நாளைக் கர்த்தருக்குக் கொடுப்பதென்று தீர்மானித்து, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரான எப்சிபாவிடம் ஊழியம் கற்றுக்கொள்ள வந்திருந்தார். எப்சிபா இறையியல் படிக்கப் போவதற்கு முன் நர்ஸாக இருந்தவர். பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் பெரும்பாலும் வேறொரு கேள்விதான் கிடைக்கும் என்று ஞானசிகாமணி தன் மனைவியிடம் குறைப்பட்டுக்கொள்வார்.

“யார் குடும்பம்?”

“நம்ம துரைசிங் குடும்பம்தான்.”

துரைசிங் சுகிர்தபுரத்தில் டயர் கடை வைத்திருந்தான். சபைக் கமிட்டி உறுப்பினன். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவன். மைக் இல்லாத நாளிலும் அவன் குரல் கடைசி பெஞ்சு வரை போகும்.

“எமீமாள் புதன்கிழமை சாயங்காலம் வந்தாங்க. கையில ஒரு பை. அக்கா வீட்டுக்குப் போறேன், பஸ் வர்ற வரைக்கும் இங்க இருந்துக்கிடட்டுமான்னு கேட்டாங்க. புருஷன் அடிக்கிறார்னு சொன்னாங்க. உட்கார வச்சு, கீழ்ப்படிதலைப் பத்தி வேதத்துல இருக்கிறதை வாசிச்சுக் காட்டினேன். ஜெபம் பண்ணினேன். அழுதாங்க. அப்புறம் வீட்டுக்கே திரும்பிட்டாங்க.”

“இதுதான் முதல் தடவையா?”

“மூணாவது தடவை.”

“மூணு தடவையும் நீங்கதான் பார்த்தீங்களா?”

“ஆமா. உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு நானே பேசி முடிச்சிட்டேன்.”

எப்சிபா கையிலிருந்த காபியை ஜன்னலில் வைத்தார். பாதிகூடக் குடித்திருக்கவில்லை.

“கூட யார் போனது?”

“எங்கம்மா?”

“வீட்டுக்கு.”

“அவங்களேதான் போனாங்க. அவங்க வீடுதானே.”

“அப்புறம் நீங்க போய்ப் பார்த்தீங்களா?”

“போகல. அதான் பிரச்சினை முடிஞ்சிட்டதே.”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை” என்றார் எப்சிபா. செருப்பை மாட்டிக்கொண்டார். “வாங்க, அண்ணாச்சி.”

துரைசிங்கின் வீடு பூட்டியிருந்தது. டயர் கடை திறந்திருந்தது. அவர்களைக் கண்டதும் துரைசிங் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

“தோத்திரம், அம்மா. தோத்திரம், ஐயா.”

“எமீமாள் எங்க?”

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். ஜெபத்துல நினைச்சுக்கோங்க.”

கடைப் பையனிடம் நாற்காலி கொண்டுவரச் சொல்லித் திரும்பினான். எப்சிபா அதற்குள் சாலையைக் கடந்திருந்தார்.

பெண்கள் வார்டில் கடைசிக்கு முந்தின கட்டிலில் எமீமாள் படுத்திருந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. உதடு வீங்கி ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தாள். துணைக்கு ஆள் இல்லை. சபை ஊழியரைக் கண்டதும் மரியாதைக்காக எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“படுத்துக்கோ” என்றார் எப்சிபா.

“ஐயா சொன்னபடியே செஞ்சேன், அம்மா.”

“ஐயா என்ன சொன்னாங்க?”

“நீ தாழ்ந்து போன்னாங்க. முழங்கால் போட்டு மன்னிப்புக் கேளுன்னாங்க. கேட்டேன்.” எமீமாளுக்கு மூச்சு வாங்கியது. “முழங்கால்ல நின்னது அவருக்கு வசதியாப் போச்சு.”

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

ஞானசிகாமணி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாய்க்குப் பழகின ஒன்று வந்தது.

“ஒவ்வொருத்தருக்கும் கர்த்தர் ஒரு சிலுவை கொடுத்திருக்கார், மகளே. அதைச் சுமந்துதான்...”

எப்சிபா எமீமாளிடம் குனிந்தார். “இந்தத் துண்டை எடுக்கட்டுமா?”

எமீமாள் தலையசைத்தாள்.

“அண்ணாச்சி, கிட்ட வாங்க.”

கழுத்தில் கருநீலமாகத் தடங்கள் இருந்தன.

“எண்ணுங்க.”

“அம்மா...”

“எண்ணுங்க.”

ஒரு பக்கம் நான்கு இருந்தன. மறுபக்கம் தடிப்பாக ஒன்று. ஞானசிகாமணி உதட்டுக்குள் எண்ணினார்.

“அஞ்சு.”

“சிலுவைக்கு விரல் உண்டா?”

எப்சிபா குரலை உயர்த்தவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். ஞானசிகாமணிக்கு நிமிரத் தோன்றவில்லை. எப்சிபா துண்டை மறுபடி போட்டுவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது. தானே போய் வெந்நீர் பிடித்து வந்து, எமீமாளின் வீங்கிய உதட்டில் படாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி போலீஸ் பூத்திலிருந்து ஏட்டம்மா ஒருவர் நோட்டுடன் வந்தார். வழுக்கி விழுந்தது என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. துரைசிங் சொல்லிவிட்டுப் போனது அது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டியதுதான் பாக்கி.

“எப்படிம்மா விழுந்தீங்க?”

எமீமாள் போதகரைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று அந்தப் பார்வை கேட்டது. எப்சிபா அதைச் சொல்லவில்லை.

“நீ என்ன சொன்னாலும் நான் இங்கதான் இருப்பேன்” என்றார்.

ஏட்டம்மா பேனாவை மூடப் போனார்.

“நான் விழல” என்றாள் எமீமாள்.

ஏட்டம்மா பக்கத்தைத் திருப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எமீமாள் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. பதினாறு வருஷம் அதில் இருந்தது. முடிந்ததும் எப்சிபா ஒரு வெள்ளைத் தாளை வாங்கி ஞானசிகாமணியிடம் நீட்டினார்.

“நீங்களும் எழுதிக் கொடுங்க. மூணு தடவை வந்தாங்கன்னும், நீங்க என்ன செஞ்சீங்கன்னும்.”

“அம்மா, சபைப் பேர் கெட்டுப் போகும்.”

“இந்தக் கட்டில்ல கிடக்கிறவ சபை இல்லையா?”

அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். முப்பத்தாறு வருஷம் ரிப்போர்ட் எழுதின கை. தேதி, நேரம் எல்லாம் ஒழுங்காக வந்தது. எப்சிபா வாங்கிப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

“‘தக்க ஆலோசனை கூறினேன்’னு போட்டிருக்கீங்க.”

“ஆமாம்மா. ஆலோசனைதானே சொன்னேன்.”

“அடி வாங்கி ஓடி வந்தவளை அடிக்கிறவன்கிட்டயே அனுப்பினதுக்குத் தமிழ்ல ஆலோசனைன்னா பேரு?”

ஞானசிகாமணி தாளைத் திரும்ப வாங்கினார். அந்த வரியை அடித்துவிட்டு, மேலே ‘திருப்பி அனுப்பினேன்’ என்று எழுதினார். அதை மூன்று இடத்தில் எழுத வேண்டியிருந்தது. மூன்றாவது இடத்தில் எழுத்து கோணியது.

சனிக்கிழமை காலை சபைச் செயலர் பொன்னையா குருமனைக்கு வந்தார். ஞானசிகாமணியும் இருந்தார்.

“அம்மா, இது குடும்ப விஷயம். கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும். நாளைக்குப் பாடம் வாசிக்கிறது துரைசிங் முறை. நீங்க நிறுத்தினா ஊரே பேசும்.”

“இப்ப ஊர் பேசலையா?”

“இப்ப மெதுவாப் பேசுது.”

“அதைத்தான் என்னால தாங்க முடியல” என்றார் எப்சிபா.

ஸ்டேஷனில் துரைசிங்கை வரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடித்துவிட்டு வருவதாக அவன் பதில் அனுப்பியிருந்தான். அதற்கு அங்கே சரி என்றும் சொல்லியிருந்தார்கள். அப்படியே ஞாயிறு காலை அவன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஆலயத்துக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். பாட்டு முடிந்ததும் எழுந்து, பாடம் வாசிக்கிற இடத்துக்கு நடந்தான்.

எப்சிபா அங்கே அவனுக்கு முன்பே போய் நின்றிருந்தார். விரித்து வைத்திருந்த வேதாகமத்தை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நீங்க வாசிக்க வேண்டாம், துரைசிங்.”

“ஏம்மா?”

“ஏன்னு உங்களுக்குத் தெரியும்.”

அவன் கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தபடி சபையைப் பார்த்துத் திரும்பினான்.

“சபைக்குத் தெரியணுமில்லையா? என் பேர்ல என்ன குற்றம்னு சபையே சொல்லட்டும்.”

பலர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். துரைசிங் அவசரமில்லாமல் நின்றான். எப்சிபாவும் நின்றார். ஞானசிகாமணிக்குத் தான் எழுந்து சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார். எழவில்லை.

பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் தங்கபாய் எழுந்தாள். துரைசிங் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “சத்தம் கேட்கும். கேட்டா நாங்க டிவியைச் சத்தமா வச்சிருவோம்.”

உட்கார்ந்துவிட்டாள். சற்றுப் பொறுத்து, அவளுக்குப் பின்னால் இருந்து இன்னொரு குரல் வந்தது.

“நாங்களும்தான்.”

துரைசிங்கின் சிரிப்பு போயிருந்தது. நடுப்பாதை வழியே வெளியே நடந்தான். பொன்னையா எழுந்து அவன் பின்னால் போனார். பிறகு ஒவ்வொரு குடும்பமாக எழுந்தது. ஞானசிகாமணி எண்ணினார். பதினொன்று.

எப்சிபா வேதாகமத்தைத் தங்கபாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் கண்ணாடி கொண்டுவரவில்லை. பக்கத்தில் இருந்தவள் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். தங்கபாய் எழுத்துக் கூட்டித் தட்டுத் தடுமாறி வாசித்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. சபை காத்திருந்தது.

துரைசிங் மேல் வழக்குப் பதிவானது. பத்து நாளில் ஜாமீனில் வந்தான். எமீமாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தூத்துக்குடியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். துரைசிங்கின் தாயார் அங்கே போய், அவனை மன்னிச்சிடு தாயி என்று அழுதார். துரைசிங் ஆள்மேல் ஆள் அனுப்பினான். பொன்னையா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், மன்னிக்கிறதுதானே கிறிஸ்தவம் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தார். எமீமாள் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். ஒரு கையால் போட்டாள். வழக்கை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

எப்சிபாமேல் பேராயத்துக்கு ஒரு மனு போனது. சபையைப் பிளந்தார் என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. தூரத்தில், பஸ் கடைசியாகப் போய்த் திரும்புகிற இடத்தில், சின்னச் சின்னச் சபைகள் சேர்ந்த ஒரு சேகரம்.

ஞானசிகாமணி புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கயிறு கட்டும்போது கை நின்றது.

“குற்றம் செஞ்சவன் இங்கேயே இருக்கான். மூணு தடவை திருப்பி அனுப்பின நானும் இங்கேயே இருக்கேன். உங்களை மட்டும் அனுப்புறாங்க. இது நியாயமா, அம்மா?”

“இல்ல” என்றார் எப்சிபா. “அந்தக் கயித்தை இறுக்கிக் கட்டுங்க.”

அவர் இறுக்கிக் கட்டினார். அடுத்த பெட்டியையும் கட்டினார். பிறகு, ரொம்ப நாளாகச் சுமந்துகொண்டிருந்ததைச் சொன்னார்.

“நாளைக்குத் தூத்துக்குடிக்குப் போய் எமீமாளைப் பார்க்கப் போறேன். அந்தப் பிள்ளை என்னை மன்னிக்கும்னு நினைக்கிறீங்களா?”

எப்சிபா கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எண்ணச் சொன்னபோது இருந்த அதே முகம்.

“இதுவரைக்கும் எல்லாரும் அவகிட்டக் கேட்டது அது ஒண்ணைத்தான், அண்ணாச்சி. நீங்களாவது வேற ஏதாவது கேளுங்க.”